இரண்டு பேர் உட்கார வேண்டிய பெஞ்சு

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து.

ஜெர்மனி தேசத்து நோயாளிகளின் தலைவிதியை ஊசி முனையில் தாங்கி நிற்கும் என் அருமை மகள் கிரேசுக்கு, காஞ்சி மாநகரத்துத் தச்சர்கள் அத்தனை பேருடைய தூக்கத்தையும் ஒரே மாதத்தில் கெடுத்துவிட்ட உன் சித்தப்பா எழுதுவது. நான், என் தறி, மொட்டை மாடியில் வாடகை தராமல் குடியிருக்கும் குரங்குக் குடும்பம் எல்லோரும் கர்த்தருடைய தயவால் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துவரை கம்பளி சுற்றிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது, எட்டிப் பார்க்கிற தூரத்திலா இருக்கிறாய். போன் இருக்கும்போது இந்தக் கிழவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நீ டூட்டிக்குப் போகிற அவசரத்தில் இருப்பாய், உன் முகம் தெரிந்த உடனே எனக்கும் வாய் தானாக ராஜா வேஷம் கட்டிக்கொள்ளும், இங்கே தர்பார் நடக்கிறது, ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், உட்கார நேரமில்லை என்று அளந்துவிடுவேன். தாளில் எழுதும்போது மறுபடி படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அப்போது எனக்கே வெட்கமாகிவிடுகிறது.

முதலில் உன் பரிசைப் பற்றி. சாயங்காலம் தறியை விட்டு இறங்கினால் பொழுது நகர மாட்டேன் என்கிறது என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னேன், அதற்கு நீ அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பினாயே பாக்கெட் ஹோல் ஜிக், அது வந்து சேர்ந்தது. பெயரைக் கேட்டு லாரியில் வரும் என்று நினைத்துத் தெருவில் நின்ற வண்டிகளை எல்லாம் ஓரங்கட்டச் சொல்லிவிட்டேன். வந்தது சோப்பு டப்பா அளவில் ஒரு நீலப் பிளாஸ்டிக், அதற்குள் சாய்வாக இரண்டு இரும்புக் குழாய். விலையும் மலிவு, கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதுவே போதும் சித்தப்பா என்றாய், கற்றுக்கொள்கிறவன் என்று என்னைச் சொன்னதற்கு உன் மேல் கோபம்தான், ஆனாலும் சொல்கிறேன், அது சாமானியப் பொருள் இல்லை. பலகையின் ஓரத்தில் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, குழாய்க்குள் டிரில்லை விட்டால் மரத்துக்குள் சாய்வாக ஒரு பொந்து விழுகிறது, அந்தப் பொந்துக்குள் ஸ்க்ரூ தலையை ஒளித்துக்கொண்டு போய் அடுத்த பலகையைக் கவ்விக்கொள்கிறது. உளி பிடிக்கத் தெரிய வேண்டாம், ஒரு பலகையில் துளையும் மறு பலகையில் அதற்குத் தகுந்த முனையும் செதுக்கிச் சேர்க்கிற நுணுக்கம் வேண்டாம். நோவாவின் கையில் இது ஒன்று இருந்திருந்தால் மழைக்கு முன்னாலேயே பேழையை முடித்துவிட்டு ஒரு தூக்கமும் போட்டிருப்பார்.

டிரில் மெஷின் மட்டும் நம்மிடம் இல்லை, அதை அடுத்த வீட்டுக் கலீமுல்லா பாய் தன் ஹார்டுவேர் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார், கொடுக்கும்போதே, "அண்ணே, கை பத்திரம், இது தறி நாடா இல்ல, தப்பா வுட்டா திரும்பி வராது" என்று ஒரு ஆசீர்வாதமும் சேர்த்துக் கொடுத்தார். டிரில் கம்பியில் ஒரு வளையம் மாட்ட வேண்டும், பலகையின் தடிமனுக்குத் தக்கபடி அதை நகர்த்தி முடுக்கினால் அந்த ஆழத்துக்கு மேல் கம்பி போகாது. வீரனுக்கு எதற்கு வேலி என்று முதல் நாள் நான் அதை டப்பாவிலேயே விட்டுவிட்டேன். கம்பி பலகையைக் கடந்தது, அடியில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலையும் கடந்தது, இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் நீ வேலை செய்யும் வார்டில் தரையைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்திருக்கும். அப்புறம் வளையம் போட்டு, மெதுவாக விட்டு, இடையிடையே வெளியே இழுத்துத் தூளைத் தட்டி, பழகிவிட்டேன். ஸ்க்ரூவை ரொம்ப முறுக்கினால் மரம் விட்டுக்கொடுத்துவிடும், பிடித்தது போதும் என்கிற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும், அதுவும் தெரிந்துகொண்டேன். சோப்பு வைக்க ஒரு தட்டு, செருப்பு வைக்க ஒரு தட்டு, சர்ச்சுக்குப் பாட்டுப் புத்தகம் அடுக்க ஒரு தட்டு என்று வரிசையாகச் செய்தேன். போதகர் பார்த்துவிட்டு இது எந்த ஊர் வேலை என்று கேட்டார், ஜெர்மன் டெக்னிக் என்று சொல்லி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் பெஞ்சு. கூடத்தில் ஜன்னல் ஓரம் நாம் மூன்று பேரும் சாயங்காலம் டீ குடிக்கிற இடம் உனக்குத் தெரியும், ஏழு வயதில் அப்பாவையும் அம்மாவையும் பறிகொடுத்து நீ இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு உன் சித்தி உன்னை உட்கார வைத்து பன்னும் டீயும் கொடுத்ததும் அங்கேதான். அங்கே கிடந்த பழைய பெஞ்சு உன் சித்தி அடக்கமான வருஷமே கரையான் அரித்துப் போய்விட்டது, அன்றிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிதான். ஒரு பெஞ்சு செய்வோம் என்று இரண்டு நீளப் பலகை வாங்கிவந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொந்து போட்டு, ஸ்க்ரூ முடுக்கி ஒரே பலகையாக்கினேன். இங்கேதான் உலகத்தில் வேறு எந்தத் தச்சனும் செய்ய முடியாத ஒரு காரியத்தை நான் செய்தேன். உனக்கே தெரியும், தறியில் ஜரிகைப் பூ போடும்போது சேலையின் நல்ல முகம் கீழே பார்த்திருக்கும், நம் கண்ணுக்குத் தெரிவது முதுகு, பூ சரியாக விழுந்திருக்கிறதா என்று அடியில் கண்ணாடி பிடித்துத்தான் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில், என்னைப் பார்த்திருக்கிற பக்கம் முதுகுதானே என்று அந்தப் பக்கமே பொந்துகளைப் போட்டேன், அதுவரைக்கும் சரி. ஆனால் சேலையை நாம் என்றைக்குத் திருப்பிப் போட்டிருக்கிறோம், அறுத்து எடுத்து விரிக்கும்போது அதுவாகத் தன் முகத்தைக் காட்டும். அதே நினைப்பில் பலகையையும் திருப்பாமல் அடியில் கால்களை மாட்டிவிட்டேன். எழுந்து தள்ளி நின்று பார்த்தால் பெஞ்சின் மேலெல்லாம் பொந்து. பாய் வந்து பார்த்து, "இன்னாண்ணே இது, பெஞ்சா பல்லாங்குழியா? சோழி எங்க?" என்று கேட்டார். நான் விடுவேனா, இது மேல்நாட்டு முறை, வெயில் காலத்தில் காற்றோட்டத்துக்கு விட்டிருக்கிறது என்றேன். அதற்கு அவர், "அப்போ மழக்காலத்துல கீழ ஒரு பக்கெட் வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், அவர் சிரிப்புச் சத்தம் வாலாஜாபாத் வரைக்கும் கேட்டிருக்கும்.

பொந்து தொலையட்டும், மரத் தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடலாம். பெரிய கூத்து அடுத்தது. பெஞ்சு நீளத்துக்கு நான் டேப்பு பிடிக்கவில்லை, நாம் மூன்று பேரும் உட்காருகிற கணக்கில் கையாலேயே முழம் போட்டேன். கால்களை ஓரத்தில் வைத்தால் நடக்கிறவர் காலில் இடிக்கும் என்று புத்திசாலித்தனமாக இரண்டு பக்கமும் நன்றாக உள்ளே தள்ளி வைத்தேன். நடக்கிறவர் யார் என்று அப்போது யோசிக்கவில்லை. உனக்குத் தெரியும், என் இடம் ஜன்னல் பக்க ஓரம், ரேடியோ எட்டுகிற இடம். டீயை எடுத்துக்கொண்டு அங்கே போய் கம்பீரமாக உட்கார்ந்தேன், மறு கோடி அப்படியே பட்டத்து யானை மாதிரி தும்பிக்கையைத் தூக்கியது. எழுந்தேன், இறங்கியது, உட்கார்ந்தேன், தூக்கியது. பாய் வந்து அந்தக் கோடியில் உட்கார்ந்தால் அசையவே இல்லை, பாறை மாதிரி நிற்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் இது பெஞ்சு, ஒருத்தன் உட்கார்ந்தால் கிணற்று ஏற்றம். நடுவில் உட்காரலாமே என்று பாய் சொன்னார், உட்கார்ந்து பார்த்தேன் கிரேஸ், இரண்டு பக்கமும் காலி இடத்தை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார என்னால் முடியவில்லை.

ஆகவே என் மூளை வேலை செய்தது. ரேஷனில் வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டையைத் தூக்கி அந்தக் கோடியில் உட்கார வைத்தேன். நல்ல துணை, எதிர்த்துப் பேசுவதில்லை, டீயில் பங்கு கேட்பதில்லை, நான் சொல்கிற கதை எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டது. அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன் என்றால் பார்த்துக்கொள். ஆனால் பார், அதே மூட்டையிலிருந்துதானே தினமும் உலைக்கு அள்ளுகிறேன். நான் தின்னத் தின்ன அது இளைக்கிறது என்பதை இந்தப் பேரறிவாளன் யோசிக்கவே இல்லை. போன வாரம் ஒரு சாயங்காலம், உன்னோடு போன் பேசி முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மூட்டை வானத்தில் எழும்பியது, நான் பூமிக்கு வந்தேன், டீ வேட்டிக்கு வந்தது. பாயின் சம்சாரம் சாயிரா பானு சத்தம் கேட்டு ஓடிவந்து, "அசையாதீங்கண்ணே, அப்டியே இருங்க, அரிசி மூட்டைய நம்பிக்கினு ஒருத்தர் உக்காருவாங்களா" என்று திட்டிக்கொண்டே தலையிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டது. பயப்படாதே, எலும்பு முறியவில்லை, இடது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது, இந்த வாரம் தறியில் ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், மற்றபடி மலை மாதிரி இருக்கிறேன். சாயிரா பானு உனக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே இருக்கிறது, அது முந்திக்கொள்வதற்குள் நானே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் போனில் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா, கிறிஸ்மஸுக்கு லீவ் எழுதிக் கொடுக்க இந்த மாதக் கடைசிதான் கெடு, இந்த வருஷம் வராவிட்டால் வருத்தப்படுவீங்களா சித்தப்பா என்று கேட்டாய். நான் உடனே, நீ வந்தால் படுக்க இடம் எங்கே, வீடு முழுக்க விருந்தாளிகள் என்று சொன்னேன். நீயும் நம்பிவிட்டாய், சரி சித்தப்பா அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சிரித்தாய். வீட்டில் இருந்தது நானும் அரிசி மூட்டையும்தான் கிரேஸ். பாய் கடையைச் சாத்திவிட்டு நல்ல மனசோடு வந்து சற்று நேரம் உட்காருவார், ஆனால் அவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர் எழுந்தால் நானும் கூடவே எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவேன். எழுந்து வாசல்வரை அவரை வழியனுப்புகிற மாதிரி நடந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்.

உன்னை வா என்று கட்டாயப்படுத்த எழுதவில்லை. அங்கே உன் வேலை, அது நிரந்தரமாக வேண்டியது, பண்டிகை நாளில் வார்டைப் பார்த்துக்கொண்டால் உனக்குக் கிடைக்கிற நல்ல பெயர், எல்லாம் எனக்குத் தெரியும். நீ வர முடிந்தால் நல்லது என்று இருக்கிறேன் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு அப்புறம் முடிவு செய், போனில் சொன்னதை வைத்து முடிவு செய்யாதே. நீ அனுப்பிய ஜிக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் ஒன்று உண்டு, பசை போடாமல் முடுக்கினால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிக்கொள்ளலாம். கால்களுக்கு நான் பசை போடவில்லை. அவற்றைக் கழற்றி ஓரத்தில் மாட்டுவது அரை நாள் வேலைகூட இல்லை, ஒற்றைக் கையாலேயே செய்துவிடுவேன், அப்புறம் ஒருத்தன் எந்தக் கோடியில் உட்கார்ந்தாலும் பெஞ்சு அசையாது. ஆனால் இன்னும் கழற்றவில்லை. நீ வருகிறாய் என்றால் அப்படியே இருக்கட்டும், சித்தி உட்கார்ந்த பக்கம் நீ உட்கார், பெஞ்சு பாறை மாதிரி நிற்கும். முடியாது என்றால் அதையும் மழுப்பாமல் எழுது, நான் கால்களை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன், கோபம் கிடையாது, சத்தியமாக.

இரவு டூட்டி என்றால் கையில் ஏதாவது தின்ன எடுத்துக்கொண்டு போ, பனியில் நடக்கும்போது பார்த்து நட. விழுவதில் இனி எனக்கு அனுபவம் உண்டு என்பதால் சொல்கிறேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கை தொட்ட நோயாளி எழுந்து நடக்கட்டும், உன் தட்டு என்றைக்கும் காலியாகாமல் இருக்கட்டும். லீவ் எழுதிக் கொடுக்க மாதக் கடைசிதான் கெடு, மறந்துவிடாதே, இது நினைவூட்டல்தான், கட்டாயம் இல்லை. பதில் வரும்வரை ஸ்க்ரூ டிரைவரைப் பாய் கடையிலேயே கொடுத்து வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சித்தப்பா.