எடை குறைந்த பாடை

என் பிரியமான அப்பாவுக்கு,

இல்லை, இன்னும் டாக்டர் ஆகவில்லை. ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்? வடிவமைப்பில் ஆராய்ச்சி. மனிதர்கள் புழங்கும் பொருள்களை எப்படிச் செய்வது என்கிற படிப்பு.

உன் சாவை வைத்துத்தான் அது நடக்கிறது.

ஐப்பசி மழையில் உன்னைத் தூக்கிப் போனார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பெரிய வீட்டுக்காரர்கள் உழுது வயலோடு சேர்த்துக்கொண்டதால், நட்ட வயலில் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். வாய்க்காலில் சித்தப்பாவுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. உன் கை தண்ணீரில் தொங்கியதைச் சாலையில் நின்று பார்த்தேன்.

வரப்பில் நின்ற அவர்கள் ஆள் கத்தினான்: "பயிர மிதிக்காம போங்கடா!"

இதை என் ஆராய்ச்சியை வழிநடத்தும் கைடிடம் சொன்னேன். அவர் கண் கலங்கினார். பிறகு பேனாவை எடுத்தார்.

"பாடையோட எடைதான் பிரச்சினை. அலுமினியத்துல பண்ணலாம். தண்ணியில மிதக்கிற மாதிரி."

"பாதை இல்லாததுதான் சார் பிரச்சினை."

"அது ரெவின்யூ டிபார்ட்மென்ட் வேலைம்மா. நாம டிசைனர்ஸ்."

வரைந்தேன். செய்தேன். ஊருக்குக் கொண்டு வந்தேன். சித்தப்பா தட்டிப் பார்த்துச் சிரித்தார். "அண்ணன் இருந்தா ஏறிப் படுத்துப் பாத்துட்டு, நீளம் பத்தலன்னு சொல்லியிருக்கும்."

அப்போது பெரிய வீட்டு மகன் பைக்கை நிறுத்தினான்.

"அருமையா இருக்கும்மா. எங்க பயிரும் மிதிபடாது, உங்களுக்கும் சிரமமில்ல. எத்தனை வேணும்னாலும் நானே செஞ்சு தர்றேன்."

"பாதைய விடுங்க தம்பி, அது போதும்" என்றார் சித்தப்பா.

"அதான் பாடையே வந்துடுச்சே. இனிமே பாதை எதுக்கு?"

சிரித்துக்கொண்டே போனான். கைடுக்கு ஒரே மகிழ்ச்சி. நில உரிமையாளரின் ஆதரவு கிடைத்தது என்று ஆய்வேட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

சமூகநீதி என்று மேடைதோறும் பேசுகிற ஆட்சியின் உதவித்தொகையில்தான் படித்தேன். மறுக்கவில்லை. என்னைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்தவர்களுக்கு உன்னைச் சுடுகாடு வரை கொண்டுபோக ஏன் முடியவில்லை?

எனக்கு என்ன கற்பித்தார்கள்? பேட்டி எடுக்க. அளக்க. அடிக்குறிப்பு போட. கையில் தந்த கேள்வி தப்பென்றால் அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வகுப்பு இல்லை. நான் செய்யும் பொருளால் யார் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று கேட்க ஒரு பாடம் இல்லை. செய்யாமல் விடுவதும் இந்தத் தொழிலில் சேர்ந்ததுதான் என்று ஒருவரும் சொல்லவில்லை. முனைவர் படிப்பு இதைக்கூடச் சொல்லித் தராதென்றால் அது எதற்கு? அநியாயத்துக்குப் பிடி வைத்துக் கொடுக்கவா?

பாடை அத்தியாயம் இல்லாமல் பட்டம் இல்லை என்கிறார் கைடு. அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டேன். பட்டம் வருமா, தெரியாது.

அந்தப் பாதை திறக்கும்வரை என் வரைபடம் எவன் கைக்கும் போகாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

திங்கட்கிழமை வேறு கைடு கேட்டு மனு கொடுத்தேன். மதியம் சித்தப்பாவோடு தாலுகா ஆபீஸுக்குப் போய், பாதையை அளந்து கல் நடச் சொல்லி இன்னொரு மனு கொடுத்தேன்.

உன் மூத்த மகள்,
மலர்க்கொடி