வளையத்தின் மேல் ஒரு முடி

பாய்,

இன்று காலை டெஸ்டிங் பெஞ்சில், ரப்பர் வளையத்தின் மேல் ஒரு முடி கிடந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுடையது. நான் கத்திய கத்தலில் அவள் அழுதேவிட்டாள். நான் திட்டியது என்னைத்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் மௌத்தாகிவிட்டதாக உங்கள் மகன் போன் செய்து பத்து நாள்தான் ஆகிறது.

கிருஷ்ணகிரி ரோட்டை நாலு வழியாக்கிக்கொண்டிருந்த சமயம். நம் ஓசூர் ஷெட்டுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அந்த எஃகுப் பெட்டிக்கு ஆர்டர் வந்தது. ஒரு பக்கம் எலக்ட்ரான் கற்றை நுழையும், எதிர்ப்பக்கம் லேசர். நடுவில் இரண்டும் மோதினால் எக்ஸ்ரே தெறிக்கும். ஒரு நொடியைக் கோடியாக உடைத்து, அதில் ஒரு துண்டை மறுபடி கோடியாக உடைத்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் மின்னும் என்றார் அங்கிருந்து வந்த என்ஜினியர். அணு அசைவதையே படம்பிடிக்கலாமாம். அதற்குப் பெட்டிக்குள் காற்றே இருக்கக்கூடாது.

"வெளிச்சமும் கரண்டும் முட்டிக்கிற எடத்துல காத்துக்கு என்னம்மா வேல?" என்று சிரித்துக்கொண்டே வெல்டிங் வைத்தீர்கள்.

காற்றை உறிஞ்சிவிட்டு, எங்காவது உள்ளே கசிகிறதா என்று பார்க்க வெளியிலிருந்து ஹீலியம் அடித்தேன். மூடியை ஒட்டிய வெல்டிங் பக்கம் போனதும் மீட்டர் முள் எகிறியது. எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே! "உங்க வெல்டிங்குலதான் ஓட்ட பாய், வேற என்னா?" என்றேன், எல்லார் முன்னாலும். நீங்கள் அந்த வெல்டிங்கை அரைத்தெடுத்து மறுபடி வைத்தீர்கள். இன்னொரு சூடு பட்டால் பெட்டி கோணிவிடும், அப்புறம் காயலான் கடைதான் என்றார் என்ஜினியர். முதலாளி உங்களையே முறைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த சோதனைக்குத் துடைக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். மூடியின் இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு நீள முடி. ஹீலியம் நுழைய அந்த இடைவெளி போதும். ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண். யாரும் பார்க்கவில்லை. எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இந்தத் தடவை முள் அசையவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் வலது கையை விரித்துப் பார்த்தபடி என்னிடம் வந்தீர்கள். "நீ சொன்னது சரிதாம்மா. எங் கை முன்ன மாதிரி இல்ல."

பைக்குள் என் விரலில் அந்த முடி சுற்றியிருந்தது. வாயைத் திறந்தேன். "பரவால்ல பாய்" என்றுதான் வந்தது. படுபாவி நான்.

மறுவாரமே நுணுக்க வேலை வேண்டாம் என்று நீங்களாகவே கேட் அடிக்கும் பட்டறைக்குப் போய்விட்டீர்கள். மத்திகிரி பஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம், இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஸ்டாப் வந்துவிடும்.

இன்று அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "அவரு வீட்டுல தெரியுமாக்கா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனைப் பார்க்கப் போகிறேன். நீங்கள் விரித்துப் பார்த்த அந்தக் கை என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, பாய்.