தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பங்காருபாளையம்,
12.5.1997

என்னங்க,

நீங்கள் குவைத்துக்குப் போனதிலிருந்து நான் எதையும் மறுத்து எழுதியதில்லை. இன்று அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலில் உங்கள் பெரியப்பா மகன் இருக்கிறார்.

மாந்தோப்பில் பங்கு வேண்டாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பத்திரத்துக்காகத்தான் வந்திருக்கிறார். மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் தோப்பை விலை பேசிவிட்டார்களாம்.

"உன் மாமனாரத் தத்து குடுத்துட்டோம்னு தாத்தாவே எழுதி வச்சிக்கீறாரு. இன்னும் இன்னாத்துக்கு இழுத்துக்கினு இருக்கிற?" என்றார்.

அவர் நீட்டிய தாத்தாவின் தாளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்த அவருக்குச் சேர்த்துச் சேர்த்து எழுதிய அந்தப் பழைய தமிழ்க் கையெழுத்து எப்படிப் புரியும்? மங்கிய இடத்தில் இருப்பது தத்து இல்லை, தவிடு. உங்கள் பெரியப்பாவுக்குப் பிறகு பிறந்த இரண்டும் செத்துப்போனதால், அடுத்துப் பிறந்த மாமாவாவது தங்கட்டும் என்று எதிர்வீட்டுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்று, அன்றைக்கே திரும்ப வாங்கியிருக்கிறார்கள். என் தம்பிக்கும் இப்படிச் செய்துதான் மூக்குக் குத்தினார்கள். மாமாவின் மூக்கில் துளை ஏன் இருந்தது என்று நீங்கள் ஒருநாளாவது கேட்டீர்களா? அண்ணன் சொன்னதும் பெற்ற அப்பாவையே விட்டுக்கொடுத்துவிட்டீர்களே!

பத்திரம் தபாலில் வரவே இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நம்பாமல் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். காபி வைத்துக்கொண்டிருக்கிறேன். விறகு ஈரம்தான், ஆனாலும் இன்று அடுப்பு சட்டென்று பற்றிக்கொண்டது.

இன்னொரு பத்திரம் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அப்பா பிறந்த வீட்டின் மருமகள்