ஏரிக்கரைப் பாதையின் பூட்டை உடைத்தவர்கள்: பெயரும் முகவரியும்

அனுப்புநர்:
அ. மலர்க்கொடி (வயது 43),
க/பெ. அறிவரசன்,
தெற்குத் தெரு, கல்லேரி பேரூராட்சி,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
அரியலூர்.

பொருள்: கல்லேரி பேரூராட்சி – ஏரிக்கரை மிதிவண்டி மற்றும் நடைபாதை – மேம்பாட்டுப் பணி முடிந்தும் பூட்டி வைக்கப்பட்டது – பொதுமக்களால் 01.06.2025 அன்று திறக்கப்பட்டது – மீண்டும் பூட்டக் கூடாது எனக் கோரியும், பூட்டை உடைத்தோர் விவரம் தெரிவித்தும் மனு – தொடர்பாக.

பார்வை: பேரூராட்சி செயல் அலுவலர் காவல் நிலையத்தில் அளித்த புகார், நாள் 03.06.2025.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் மேற்கண்ட முகவரியில் கணவர், மகளுடன் வசித்து வருகிறேன். பேருந்து நிலையம் எதிரில் தட்டச்சுக் கடை வைத்து, பொதுமக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், குடிநீர் இணைப்பு என்று திங்கட்கிழமைதோறும் தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் சில என் கடையில் அச்சானவை. அவற்றில் எல்லாம் 'கருணை கூர்ந்து', 'தங்கள் பாதம் பணிந்து' போன்ற சொற்களை யாரும் கேட்காமல் நானே சேர்த்துவிடுவேன். இந்த மனுவில் அவை இருக்காது. மரியாதைக் குறைவு என்று தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்கப் போவது கருணை அல்ல, அவ்வளவுதான்.

2. தெற்குத் தெருவிலிருந்து பள்ளிக்கும் பேருந்து நிலையத்துக்கும் செல்ல எங்களுக்கு இரண்டே வழிகள். ஒன்று ஏரிக்கரை. மற்றொன்று சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் செல்லும் சுரங்கச் சாலை. சுரங்கச் சாலை எப்படி இருக்கும் என்று அரியலூரில் பணிபுரியும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு லாரி கடந்து போனால் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. புழுதி அடங்குவதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். எனவே நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் கரை மீதுதான் சென்று வந்தோம். கரையில் குண்டும் குழியும் கருவேல முள்ளும் உண்டு. லாரி கிடையாது.

3. எங்களுக்குள் சண்டையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் திரு. லூர்துராஜ் அவர்கள் தினமும் கரையில் நடைப்பயிற்சி செய்பவர். சைக்கிள்காரர்களைக் கரையில் ஏறவிடக் கூடாது என்று பேரூராட்சிக்குப் பலமுறை மனு கொடுத்தார். அந்த மனுக்களையும் நான்தான் தட்டச்சு செய்தேன். தொழில் தொழில்தான். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் மணி அடிக்காமல் பின்னால் வந்து உரசிக்கொண்டு போவார்கள். மறுவாரமே, சைக்கிளில் கேன் கட்டி மோர் விற்கும் திருமதி ஆண்டாயி அவர்கள், "வாத்தியாரு கைய வீசிக்கிட்டு நடுவால நடந்தா நாங்க ஏரிக்குள்ளயா எறங்கிப் போறது?" என்று கேட்டுக்கொண்டு எதிர்மனு எழுத வந்தார். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

4. இந்தச் சண்டைக்கு முடிவு கட்டும் விதமாக, பாதையை அகலப்படுத்தி, சைக்கிளுக்குப் பச்சை, நடப்பவர்களுக்குச் சிவப்பு என்று இரு நிறத்தில் பேவர் பிளாக் பதித்து, தண்ணீர்ப் பக்கம் கம்பி வேலியும் சோலார் விளக்கும் அமைக்கும் பணி சென்ற ஆண்டு தொடங்கியது. பணி நன்றாகவே நடந்தது. ஒப்பந்ததாரர் மீதோ பொறியாளர் மீதோ எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. மனு எழுதுகிறவள் இப்படி எழுதும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன். தை பிறக்கும்போது வேலை முடிந்துவிட்டது. இரு முனையிலும் இரும்பு கேட் போட்டார்கள். போட்ட கையோடு பூட்டும் போட்டார்கள்.

5. காரணம் கேட்டோம். திறந்து வைக்க முக்கியப் பிரமுகரின் தேதி கிடைக்கவில்லை என்றார் செயல் அலுவலர். மாசியில் தேதி கிடைத்தது, கல்வெட்டு வரவில்லை. கல்வெட்டு வந்தபோது அதில் ஒருவர் பெயர் விடுபட்டுப் போயிருந்தது, திருப்பி அனுப்பினார்கள். திருத்திய கல்வெட்டு வந்தபோது பிரமுகர் வெளியூர் போய்விட்டார். சித்திரையில் வெயில் தாங்காது, கூட்டம் சேராது என்றார்கள். நடப்பதற்கும் சைக்கிள் விடுவதற்கும் போட்ட பாதைக்கு எதற்குக் கூட்டம் சேர வேண்டும் என்று கேட்டேன். "தெறக்காத பாதையில யாராவது உழுந்து அடிபட்டா யாரும்மா பொறுப்பு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

6. பாதையைத் திறக்காததால் அடிபட்ட ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் என் மகள் தென்றல். மாசி மாதம், அவள் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, சுரங்கச் சாலையில் சைக்கிளில் பள்ளிக்குச் சென்றாள். பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஒதுங்கிய சைக்கிள் ஜல்லியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. லாரி அவள் மேல் படவில்லை, நிற்கவும் இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு இப்போது சேர்ந்துவிட்டது. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் அவள் உடம்பு குறுகுகிறது.

7. என் கணவரே டிப்பர் லாரி ஓட்டுநர்தான். அன்று அந்தச் சாலையில் சென்றது அவர் லாரி அல்ல. ஆனால் அவர் ஓட்டும் சாலையும் அதுதான். "எடது பக்கம் சைக்கிள் ஒட்டி வந்தா சீட்டுல ஒக்காந்துருக்குற எனக்கே தெரியாது. எம் புள்ளன்னு லாரிக்குத் தெரியுமா?" என்று சொல்லி, மகளைப் பெரம்பலூரில் விடுதியில் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டார். தென்றல் அழவில்லை. "அந்த கேட்டத் தெறந்தா நானே போயிட்டு வந்துருவேம்மா. எனக்கு எதுக்கு ஹாஸ்டல்?" என்றாள். பாதை போட்டாகிவிட்டது. விளக்கும் எரிகிறது. ஒரு பூட்டுக்காக என் பிள்ளை என் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போக வேண்டுமா? அன்று வந்த கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இதை எழுதும்போதும் ஆறவில்லை.

8. பள்ளி திறப்பது ஜூன் இரண்டாம் தேதி. திறப்பு விழா நடக்காமல் பாதையைத் திறக்க முடியாது என்றால், அதற்கு முந்தைய நாளே விழாவை நாங்கள் நடத்திவிடுவது என்று தெற்குத் தெருவினர் கூடி முடிவெடுத்தோம். முறைப்படியே நடத்தினோம். செயல் அலுவலரை வெற்றிலை பாக்குத் தட்டுடன் நேரில் சென்று அழைத்தோம். வீட்டு விசேஷம் என்று நினைத்தாரோ என்னவோ, "கண்டிப்பா வரேம்மா" என்று சொல்லித் தட்டை வாங்கி வைத்துக்கொண்டார். வரவில்லை.

9. பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸும் வைத்தோம். எங்கள் ஊரில் ஃபிளெக்ஸ் இல்லாமல் நல்ல காரியம் எதுவும் நடப்பதில்லை. ஒரு காதுகுத்துக்கே தாய்மாமன்கள் அத்தனை பேரும் கூலிங் கிளாஸுடன் வரிசையாக நிற்பார்கள். அந்தப் பழக்கத்தில் எங்கள் படங்களையும் பெயர்களையும் போட்டு, 'ஏரிக்கரைப் பாதை திறப்பு விழா, அனைவரும் வருக' என்று அச்சடித்துக் கட்டிவிட்டோம். பூட்டு உடைக்கப் போகிறவர்கள் தங்கள் போட்டோவை ஊர் நடுவில் மாட்டிக்கொள்வதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் என் கணவர். அதன் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஆனாலும் இறக்க மனம் வரவில்லை. ஆண்டாயி அக்காவின் படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. மேற்படி ஃபிளெக்ஸுக்கும் அனுமதி பெறவில்லை என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. ஞாயிறு காலை கேட்டுக்கு மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றினோம். செயல் அலுவலருக்காகக் காத்திருந்தோம். போனில் சாவி கேட்டோம், எடுக்கவில்லை. தெற்கு கேட்டின் பூட்டை நான் கம்பியால் நெம்பி உடைத்தேன். வடக்கு கேட்டின் பூட்டை ஆண்டாயி அவர்கள் உடைத்தார்கள். கேட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. தாங்கள் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். ரிப்பனை வெட்டியவர் லூர்துராஜ் சார். சைக்கிள் கூடாது என்று மனு கொடுத்த அதே லூர்துராஜ் சார்தான். தென்றலின் சைக்கிள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அவள் கொஞ்ச நேரம் இறங்காமல் காலை ஊன்றியபடி நின்றாள். பிறகு பெடலை மிதித்தாள். பச்சையிலேயே மறுமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். நான் அழுதேன். மனுவில் எழுத வேண்டிய விவரம் அல்ல என்பது எனக்குத் தெரியும்; இருந்தாலும் எழுதியிருக்கிறேன்.

11. அன்றிலிருந்து பிள்ளைகள் அந்தப் பாதையில்தான் பள்ளிக்குச் செல்கிறார்கள். யாரும் விழவில்லை. சிவப்பில் சைக்கிள் ஓட்டிய பையன்களை லூர்துராஜ் சார் இறக்கி நடக்க வைத்தார். பச்சையில் நடந்த அவரை ஆண்டாயி அக்கா மணி அடித்து ஒதுக்கினார். இதற்கு மேல் அங்கே அசம்பாவிதம் எதுவும் இல்லை.

12. இந்நிலையில் செயல் அலுவலர், 'அடையாளம் தெரியாத நபர்கள்' பூட்டுகளை உடைத்துப் பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் பார்வையில் கண்ட புகாரை அளித்துள்ளார். அன்று மாலையே என் கடைக்கு வந்து, "உங்க பேரெல்லாம் எழுதலம்மா. பொம்பளைங்க ஸ்டேஷனுக்கு அலையக் கூடாதுன்னுதான் ஆளு தெரியலன்னு எழுதியிருக்கேன். நீங்களும் கம்முனு இருங்க. அடுத்த வாரம் புதன்கெழம பழையபடி பூட்டிக்கிறோம், விழா முடிஞ்சதும் தெறந்துக்கலாம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு உதவி செய்வதாகவே நினைக்கிறார்.

13. அந்த உதவி எங்களுக்கு வேண்டாம். யாரோ திருடர்கள் உடைத்துவிட்டுப் போன பூட்டு என்றால், மறுபடி பூட்டுவதுதான் சரி என்று ஆகிவிடும். ஊர் மக்கள் திறந்தார்கள் என்றால், பூட்டுவதற்கு ஒருவர் காரணம் சொல்லியாக வேண்டும். நாங்கள் வாயைத் திறக்காவிட்டால் எங்கள் மேல் வழக்கு இல்லை, எங்களுக்குப் பாதையும் இல்லை. இதை மற்றவர்களிடம் சொல்லி, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் பெயர் கொடுக்கலாம் என்றேன். போலீஸ் வழக்கு என்று தெரிந்தால் லாரி முதலாளி மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்பதால், தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று என் கணவர் கேட்டுக்கொண்டார். சேர்க்கவில்லை. தென்றல் கையெழுத்திடுவேன் என்று அடம் பிடித்தாள். வயது நிறையாதவள் என்பதால் அவளையும் சேர்க்கவில்லை.

14. எனவே அய்யா அவர்கள்,

(அ) வரும் புதன்கிழமை பாதை மீண்டும் பூட்டப்படுவதை உடனே தடுத்து நிறுத்த வேண்டும்.

(ஆ) இரு முனை கேட்டுகளையும் அடியோடு அகற்றி, லாரியும் காரும் நுழையாதபடியும், கேன் கட்டிய சைக்கிள் நுழையும்படியும் தூண்கள் மட்டும் நட உத்தரவிட வேண்டும்.

(இ) பிரமுகர் எப்போது வேண்டுமானாலும் வந்து கல்வெட்டைத் திறந்துகொள்ளட்டும். நாங்களும் வந்து கை தட்டுகிறோம். அதுவரை பாதை திறந்தே இருக்க வேண்டும்.

(ஈ) காவல் நிலையப் புகாரில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று இருப்பதை நீக்கிவிட்டு, கீழ்க்கண்ட பெயர்களைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கடிதம் தர மாட்டோம். விசாரணைக்கு அழைத்தால் வருவோம். புதிய பாதை வழியாகவே வருவோம். புதன்கிழமை பூட்டினால் வியாழக்கிழமை காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன், மறுபடியும் திறப்போம் என்பதையும் முன்கூட்டியே தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

தங்கள் உத்தரவை எழுத்து மூலம் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்) அ. மலர்க்கொடி

இடம்: கல்லேரி
நாள்: 09.06.2025, திங்கட்கிழமை

பூட்டை உடைத்தோர் மற்றும் உடன் இருந்தோர் விவரம்:

1. அ. மலர்க்கொடி, தெற்குத் தெரு – தெற்கு கேட் பூட்டை உடைத்தவர். (ஒப்பம்)

2. ஆண்டாயி, ஏரிக்கரைத் தெரு – வடக்கு கேட் பூட்டை உடைத்தவர். (இடது கைப் பெருவிரல் ரேகை)

3. லூர்துராஜ், ஆசிரியர் (ஓய்வு), மாதா கோயில் தெரு – ரிப்பன் வெட்டியவர். (ஒப்பம்)

(தட்டச்சு முடிந்த பின் பேனாவால் எழுதிச் சேர்த்தது)

4. அறிவரசன், டிப்பர் லாரி ஓட்டுநர், தெற்குத் தெரு. பூட்டை நெம்பிய கம்பி என் வண்டியுடையது. எடுத்துக் கொடுத்தது நான். என் பிள்ளையை விடுதிக்கு அனுப்பவில்லை. (ஒப்பம்)