தலை கடைசியில்

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றும் நாலரைக்கு எழுந்தேன். வலது காதில் நேற்றுப் புகுந்த தண்ணீர் இன்னும் அங்கேயே இருக்கிறது. யார் பேசினாலும் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறது.

கயாக் என்கிற ஒல்லிப் படகு கவிழ்ந்தால் வெளியே வராமல், உள்ளே உட்கார்ந்தபடியே துடுப்பை வீசி நிமிர வேண்டும். இதற்கு ரோல் என்று பெயர். பாம்பன் தீவின் வடக்குக் கடலில் ஒன்பது தடவை நிமிர்ந்துவிட்டேன். அது குளம் மாதிரி கிடக்கிறது. ஆனால் தேர்வு தெற்குக் கடலில். அங்கே தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இன்று நான்கு தடவை கவிழ்ந்தேன். நான்கு தடவையும் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ரப்பரைக் கழற்றிக்கொண்டு நீந்தித்தான் வந்தேன். அந்த ரப்பருக்கு ஸ்கர்ட் என்று பெயர். மூழ்குகிறவளுக்கு எதற்கு ஸ்கர்ட் என்று கேட்டேன். பயிற்சி தரும் சூஃபியா அக்கா சிரிக்கவில்லை.

மே 2, வெள்ளி

ஏன் இதைச் செய்கிறேன்? எழுதி வைத்தால் நாளை எழ முடியும் என்று எழுதுகிறேன். மே 31 தேர்வு. இந்தக் கோடைப் பயிற்சி முகாமிலிருந்து ஒரே ஒரு பெண்ணைச் சென்னை விளையாட்டு விடுதிக்கு எடுப்பார்கள். அங்கே பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கலாம். எங்கள் பள்ளியில் வணிகவியல் மட்டும்தான். எனக்கு வேண்டியது உயிரியல். கயாக் அதற்கு வழி. அக்காவுக்குத் தெரிந்தால் துடுப்பாலேயே அடிப்பார்.

மே 6, செவ்வாய்

தோள் வலி. வேறொன்றும் இல்லை.

மே 10, சனி

நாகஜோதி தெற்குக் கடலில் நிமிர்ந்துவிட்டாள். முதுகுளத்தூர்க்காரி. போன வருடம்தான் நீச்சல் படித்தவள். முகாமுக்கு வந்த அன்று கடல் தண்ணீரை வாயில் வைத்து உப்புதானா என்று பார்த்தவள்! நான் வேதநாயகம் மகள், நடக்கத் தெரியுமுன்னே வள்ளத்தில் ஏறியவள்.

“எப்படிடீ?” என்றேன்.

“எனக்கென்னடி தெரியும்? எங்க ஊர்ல எருமை முங்கக்கூடத் தண்ணி கெடையாது. அக்கா சொன்னதைச் செஞ்சேன்.”

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரை நிறைய ஆட்கள். வலை தைத்துக்கொண்டே எங்களைப் பார்க்கிறார்கள். “ஏலே, கடக்கரைப் புள்ள முங்குது, கம்மாக்கரைப் புள்ள மெதக்குது பாரு!” அவர்களோடு என் அய்யா வேதநாயகமும் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

மே 15, வியாழன்

அக்கா கைபேசியில் எடுத்த வீடியோவைக் காட்டினார். ஆறு தடவையும் ஒரே தவறு. தண்ணீரிலிருந்து என் தலைதான் முதலில் வருகிறது. தலை கனம். அது முந்தினால் இடுப்பு திரும்பாது, கயாக் மறுபடி சாய்ந்துவிடும். இடுப்பு, உடம்பு, கடைசியில் தலை. இதைக் குறிப்பேட்டில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! பிறகு ஏன்?

“கடல்ல வளந்த புள்ளைங்களுக்கு எல்லாம் இதான் வியாதி. யாரு சொல்லிக்குடுத்தது ஒனக்கு?” என்றார் அக்கா.

யார் என்று எனக்குத் தெரியும். ஐந்து வயதில் வள்ளத்திலிருந்து என்னைத் தண்ணீரில் போட்டு, “முங்குனா மொதல்ல தலை. தலை மேல இருந்தாத்தான் உசுரு” என்று சொன்னவர் அய்யா. எந்தப் பாடத்தையும் நான் இவ்வளவு நன்றாகப் படித்ததில்லை.

மே 16, வெள்ளி

இன்றும் அதேதான். நான் கவிழும்போதெல்லாம் அய்யா கரையிலிருந்து கத்துகிறார்: “தலையத் தூக்கு புள்ள!” தண்ணீருக்குள் கேட்காது. ஆனால் கவிழ்வதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிடுகிறது.

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் சொல்லிவிட்டேன்.

“அய்யா, நீங்க இனிமே கரைக்கு வராதீங்க.”

“ஏன்?”

“நீங்க சொல்றது தப்பு.”

தப்பு என்றா சொன்னேன்? வேற வார்த்தையே கெடைக்கலையா எனக்கு? இத்தனை புத்தகம் படிச்சு என்ன பிரயோசனம் — முன்பொரு முறை நடுக்கடலில் அவர் படகு கவிழ்ந்த அன்று ஒரு பகல் முழுக்க அவரை மிதக்க வைத்தது அந்தத் தப்புதான்.

அம்மா இப்போதுதான் வந்து சொன்னாள், “ஒங்க அய்யா சாப்பிடல.”

மே 24, சனி

ஆறு நாளாக அய்யா வரவில்லை. இன்று தெற்குக் கடலில் நிமிர்ந்தேன். ஒரே ஒரு தடவை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

மே 29, வியாழன்

பேனா பிடிக்க முடியவில்லை.

மே 31, சனி

ஆளுக்கு மூன்று வாய்ப்பு.

முதல் தடவை நீந்தித்தான் வந்தேன். கரையில் அத்தனை பேரும் “தலையத் தூக்கு புள்ள!” என்று கத்தினார்கள். அப்போதுதான் கவனித்தேன், கூட்டத்துக்குப் பின்னால் அய்யா. ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து முன்னால் வந்தார்.

“ஏலே, வாயை மூடுங்கடா! தலை கடைசியிலதான் வரணும். தெரிஞ்சாப் பேசுங்க, இல்ல வலையப் பாருங்க.”

ஜோதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

இரண்டாவது தடவை கன்னத்தைத் தோளோடு ஒட்டிக்கொண்டு அடியையே பார்த்தேன். கலங்கல் பச்சை. துடுப்பை வீசினேன். வெயில் முகத்தில் பட்டது. மூன்றாவதிலும் நிமிர்ந்தேன்.

ஜோதி மூன்றிலும்.

ஜூன் 1, ஞாயிறு

ஜோதியைத்தான் எடுத்தார்கள். அவள் அழுதாள். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

ஜூன் 3, செவ்வாய்

ஜோதி போன் செய்தாள். “ராம்நாட்டுல நான் சேர இருந்த பள்ளிக்கூடத்துல என் எடம் காலியாத்தானே கெடக்கு. உயிரியல்தான்டி. நீ போய்க் கேளு.”

அம்மாவிடம் சொன்னேன். “தெனமும் அம்புட்டுத் தூரமா? விடியுமுன்ன ரோட்டுல நிக்கணும். இவளால முடியுமா?”

அய்யா என்னைப் பார்க்காமலே சொன்னார், “நாலரைக்கு எந்திரிச்சு உப்புத்தண்ணி குடிச்ச புள்ளடி.”

அம்மா பரணிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள்.

ஜூன் 9, திங்கள்

ராம்நாட்டுப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. எங்கள் அக்காள்மடத்தில் முதல் பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாம்பன் பாலத்தில் காற்று பஸ்ஸைத் தள்ளியது. தெற்கே கடல் முழுக்க வெள்ளை நுரை. உயிரியல் புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன்.