தக்காளிக்குக் கட்டிய செம்புக் கம்பி

ஜூன் 3, புதன்

கண் விழித்ததும் முதலில் இடது கையைப் பாக்கெட்டுக்குள் விடப் பார்த்தேன். இரவு உடையில் பாக்கெட் இல்லை. கை தொடையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. கனவிலும் கராஜில்தான் இருந்திருக்கிறேன் போல. ஒரு கை எப்போதும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். கல்லூரி ஆய்வகத்தில் ஏறிய பழக்கம், இருபத்தைந்து வருடமாகியும் இறங்கவில்லை.

என் கணவன் யெகோர் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன ஸோய்க்கா, தூக்கத்துலயும் மின்னல் வெட்டுதா?"

வெட்டவில்லை. கராஜில் நான் கட்டியிருக்கும் மின்னல் கருவி இதுவரை ஒருமுறைகூட வெட்டவில்லை. சனிக்கிழமைதான் முதல் முறை. நாற்பத்தாறு வயதில் எனக்கு எதற்கு இது? கேள்வி வருகிறது, பதில் எழுத வரவில்லை.

ஜூன் 6, சனி

வெட்டியது!

எட்டு எண்ணெய் கண்டன்சர்கள், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றும் பால் கேன் உயரம். முதலில் எட்டையும் தனித்தனியாக மெதுவாக நிரப்ப வேண்டும். பிறகு நடுவிலுள்ள பித்தளை உருண்டைகளுக்கிடையே பொறி தாவும். அந்தக் கணத்தில் எட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, எட்டின் மின்னழுத்தமும் ஒரே அடியாக வெளியே வரும். ஒரு முழ நீளம். வெள்ளையா நீலமா, சொல்லத் தெரியவில்லை. சத்தம் பல்லில் கேட்டது.

அதுவரை கதவருகே, பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, நில இணைப்புக் கோலால் ஒவ்வொன்றையும் தொட்டு, தேங்கியதை மண்ணுக்கு இறக்கி, ஒவ்வொன்றின் தலையையும் உடம்பையும் செம்புக் கம்பியால் சேர்த்து முறுக்கிக் கட்டினேன். சும்மா இருக்கும் கண்டன்சருக்கு எப்போதும் அந்தக் கம்பி இருக்க வேண்டும். பொறி உண்டாக்கக் கற்றுக்கொடுக்கும் முன்பே எங்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

யெகோர் கூட்டிப்போக வந்திருந்தான். அவனைக் கராஜில் விட்டுவிட்டுப் பொதுக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து, விளக்கை அணைத்துப் பூட்டினேன். காதில் இன்னும் அந்தச் சத்தம். வழியெல்லாம் அவன் கோட்டுப் பையில் ஏதோ உரசிக்கொண்டே வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 8, திங்கள்

யெகோர் நேற்றுத் தனியாகத் தோட்ட வீட்டுக்குப் போய்த் தக்காளிச் செடிகளையெல்லாம் கட்டிவிட்டு வந்தான். இன்று முதுகுவலிப் புராணம்.

ஜூன் 11, வியாழன்

அலுவலகத்தில் புதிய மின்கெண்டிக்குக் கையேடு எழுதினேன். ஈரக் கையால் தொடாதீர். தண்ணீரில் முக்காதீர். இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? யெகோர் என் கையேடு ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சனிக்கிழமை எட்டையும் கட்டினேன், சரி. பூட்டும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தேனா? எப்போதும் பார்ப்பேன். அன்று —

கட்டினேன். கட்டியது நிச்சயம்.

ஜூன் 14, ஞாயிறு

இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் இருவரும் தோட்ட வீட்டுக்குப் போனோம். யெகோர் என்னை இறக்கிவிட்டு, கராஜின் நிலவறையிலிருந்து காலி ஜாடிகள் எடுத்து வரக் காரில் திரும்பிப் போனான். நான் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தண்ணீர் ஊற்றப் போனேன். தக்காளித் தண்டுகள் அழகாகக் குச்சியோடு கட்டப்பட்டிருந்தன. செம்புக் கம்பியால். முனையில் சிவப்பு டேப் சுற்றிய கம்பி. அந்த டேப்பைச் சுற்றியது நான்.

எண்ணினேன். எட்டு.

ஐயோ என்று வாய்விட்டுக் கத்தினேன் என்று நினைக்கிறேன். அவன் போன் எடுக்கவில்லை. நிலவறையில் சிக்னல் கிடைக்காது. எண்ணெய் கண்டன்சரை ஒருமுறை இறக்கினால் போதாது. கம்பி இல்லாமல் விட்டால் உள்ளே ஒட்டிக்கிடந்த மின்சாரம் மெல்லக் கசிந்து தானாகவே மறுபடி ஏறும். நான் கட்டிய சில நிமிடங்களிலேயே அவன் அவிழ்த்திருக்கிறான். எட்டு நாள். எவ்வளவு ஏறியிருக்கும்? தெரியாது. தெரியாதே. பக்கத்துத் தோட்டக்காரியிடம் கெஞ்சி அவள் காரில் ஏறினேன். "அடுப்ப அணைக்காம வந்துட்டியா, என்ன?" என்றாள். ஆமாம் என்றேன்.

கராஜ் கதவு திறந்து கிடந்தது. யெகோரும் பக்கத்துக் கராஜ் ஸவேலிச்சும் கவிழ்த்த பெட்டிகளில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யெகோரின் முழங்கை ஒரு கண்டன்சரின் தகர உடம்பில். அதன் பீங்கான் கழுத்துக்கு மேல், கம்பி இருந்திருக்க வேண்டிய தலையிலேயே, அவன் தொப்பி.

"வாங்க ஸோயா மத்வேயெவ்னா! தோம்ஸ்க் நகரத்துலயே உங்க டப்பா மாதிரி தொப்பி மாட்ட வசதி எங்கயும் இல்ல," என்றார் ஸவேலிச்.

"தொப்பிய எடுக்காத," என்றேன்.

"ஏன், உன்ன பாத்தா மரியாதைக்கு எடுக்கணும்ல?" யெகோர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

"யெகோர்! கைய எடு! எழுந்திரு! ரெண்டு பேரும் வெளிய போங்க!"

அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது. கை பாதியில் நின்றது. இருவரும் வாசலுக்குப் போனார்கள். கோலை எடுத்தேன். இடது கை பாக்கெட்டுக்குள். தொப்பிப் பக்கம் கொண்டுபோனேன்.

டப்.

சின்னச் சத்தம்தான். தொப்பியில் பட்டாணி அளவு ஓட்டை, ஓரம் கருகி.

பிறகு ஸவேலிச், "ஒரு வாரமா இங்க கரண்டே போடலயே," என்றார்.

"தானா ஏறும்."

"என் மாமியார் கோபம் மாதிரி. அடங்கிடுச்சுன்னு நெனச்சு கிட்ட போனா —" சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

"சும்மா சுத்திக் கெடந்த கம்பிதானே," என்றான் யெகோர். "வீணா போகுதேன்னு..."

மற்ற ஏழையும் தொட்டேன். ஐந்து டப் என்று பேசின.

ஜூன் 16, செவ்வாய்

அவன் பயந்திருப்பான் என்று நினைத்தேன். இல்லை. அந்த ஓட்டைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கராஜ் வரிசை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிகிறான்.

"சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். இறைச்சி சுடறோம், நீ மின்னல் விடற."

"யாரைக் கேட்டுக் கூப்பிட்ட?"

"அட, நீ இல்லாதப்பவே ஸவேலிச்சுக்குக் காட்டியிருப்பேன். எந்த பட்டன்னுதான் தெரியல."

விளையாட்டாகத்தான் சொன்னான். பாத்திரம் தேய்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூன் 17, புதன்

தூக்கமில்லை. கராஜ் சாவி அவன் கொத்திலும் ஒன்று இருக்கிறது. அது அவன் அப்பாவின் கராஜ். சாவியை எப்படிக் கேட்பேன்?

எச்சரிக்கை எழுதி ஒட்டலாம். என் கையேடுகளைப் படிக்கிறவன்தானே!

ஜூன் 19, வெள்ளி

என் பயத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு. அதோடு கதவருகே நின்று பொத்தானை அழுத்த முடியும். நான் இல்லாத நேரம் அவன் அங்கே நிற்பதை நினைத்தால் முடியவில்லை. அந்த முழ நீள வெளிச்சத்தை ஒருமுறை பார்த்துவிட்டேன். இன்னொருமுறை பார்க்க ஆசையில்லை என்று எழுதினால் பொய்.

புதிய கம்பி வெட்டி வைத்திருக்கிறேன், விரல் தடிமன், எட்டுத் துண்டு. இந்த முறை முறுக்கிக் கட்டப்போவதில்லை. தலையிலும் உடம்பிலும் ஈயம் வைத்துப் பற்றவைக்கப் போகிறேன். அவன் கையால் அவிழாது. எந்தப் பொத்தானை யார் அழுத்தினாலும், நானே அழுத்தினாலும், எதுவும் ஏறாது.

அடுக்களையில் யெகோர் நாளைக்கான இறைச்சியில் வெங்காயத்தைப் பிசைந்துகொண்டு பாடுகிறான். சற்று முன் அங்கிருந்தே கத்தினான்: "ஸோய்க்கா, ஆள் உயரத்துக்கு வெட்டுமா?"

"பாக்கலாம்," என்றேன்.

நாலு மணிக்கு எல்லாரும் வருகிறார்கள். நான் காலையிலேயே கராஜுக்குக் கிளம்பிவிடுவேன், ரொட்டி வாங்க என்று சொல்லிக்கொண்டு. பற்றவைக்கும் கோல் பையின் அடியில் இருக்கிறது.