பிரின்சிப்பேயின் முகத்தில் விழித்தவர்கள்

உ

பலெர்மோ
24.11.1996

அன்பு மகள் சாம்பவிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகனும் என் பேரன் லக்சனும் வெள்ளவத்தையில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் அம்மாளாச்சியைக் கேட்டபடி இருக்கிறேன், நான் இங்கு இருக்கிற மாதிரி இருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் முதலாம் வருச ஆட்டைத் திவசத்துக்கு மாசியில் வருவியோ மாட்டியோ, ஒரு முடிவைச் சொல்லணை அம்மா என்று கேட்டிருந்தாய். முடிவு இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது, ஆனால் நீ அவசரப்பட்டுக் கடைசியை முதலில் பார்க்காதே, இடையில் நடந்ததைத் தெரியாமல் படித்தால் உனக்கு ஒன்றும் விளங்காது.

அப்பா சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் பழம் பிடுங்கப் போனவர் மரத்தடியிலேயே போய்விட்டார், அதை நான் திரும்ப எழுதவில்லை. அவர் போனதோடு அவருடைய வேலையின் பேரில் எனக்கு இருந்த பெர்மெசோவும் இந்த வருசத்தோடு சரி என்றாகிவிட்டது, அதுதான் இங்கு தங்கியிருக்கிற விசாக் கடதாசி. அது இல்லாமல் கொழும்புக்கு வெளிக்கிட்டால் பிறகு திரும்பி இங்கு கால் வைக்க ஏலாது. என் பேரில் புதிதாக எடுக்க வேண்டுமென்றால் நான் வேலை செய்கிற வீட்டு சிஞ்ஞோரா, இந்த மனுசி என்னிடம் வேலை செய்கிறாள் என்று ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட வேண்டும். பங்குனியில் கேட்டேன், வாற கிழமை என்றா. சித்திரையில் கேட்டேன், வாற கிழமை என்றா. பாவம், அவவுக்கு அந்த நேரம் பெரிய வேலை ஒன்று இருந்தது, அவ ஓநாய் வாங்கிக்கொண்டிருந்தா.

பகிடி இல்லை பிள்ளை. ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்ததாம், பத்தில் ஏழு பங்கு ஓநாய் என்று முத்திரை குத்திய பத்திரத்தோடு மிலானோவில் இருந்து வந்து இறங்கியது. பெயர் பிரின்சிப்பே, இளவரசன் என்று அர்த்தம். அந்தப் பத்திரங்களில் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட இருந்தது, ஆறையும் சிஞ்ஞோரா ஒரே இருப்பில் போட்டு முடித்ததைப் பேனை மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான். பிறகு ஒரு பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டினா. இளவரசனுடைய வீரத்தைக் கேள், தூசி உறிஞ்சிற மெசினைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடும், புறா வந்து அதன் கோப்பையில் தின்னும், இது தள்ளி நின்று பார்க்கும். ஆனால் சாப்பாடு மட்டும் பச்சை ஈரல், அதுவும் கபோச் சந்தையில் ஒரே ஒரு கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். அப்பா போனதிலிருந்து மச்சம் மாமிசம் தொடாமல் இருக்கிறவள் நான், வெள்ளிக்கிழமையிலும் தோய்ந்து திருநீறு பூசிக்கொண்டு போய் ஈரல் வெட்டுகிறேன். காட்டில் ஓநாய் தின்னுகிற மாதிரியே கொடுக்க வேணும், ஆனால் சின்னத் துண்டாக வெட்டு, விக்கிப்போடும் என்பா சிஞ்ஞோரா. அது தனியே படுக்கப் பயந்து நான் இருக்கிற தோட்டத்து அறைக் கதவோடு ஒட்டிக்கொண்டுதான் படுக்கும், விடியக் கதவைத் திறந்தால் முதலில் அதின் முகம்.

இனித்தான் கதை. வைகாசியில் ஒரு காலை போர்கோ வெக்கியோவில் இருந்து ஞானம்பிகை, முன்பு எங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்தவ, எனக்குப் பிட்டு அவித்துக் கொண்டு வந்தா. பிரின்சிப்பே கேற்றுக்குள்ளால் மூஞ்சையை நீட்டியது. கூர்மூக்கும் நிமிர்ந்த காதும் மஞ்சள் கண்ணும், அவ உடனே அடியே இது நரியெல்லோ என்று கத்திப்போட்டா. அன்றைக்குப் பகலே, இரண்டு வருசமாக இழுபட்ட அவவுடைய பெர்மெசோ கிடைத்துவிட்டது. நரி முகத்தில் முழித்தால் காரியம் கைகூடும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லையே. அடுத்த கிழமையே கேற்றடியில் ஆறு பேர், அதற்கடுத்த கிழமை பதினைந்து பேர். குவெஸ்தூராவுக்கு, அதுதான் விசாக் கடதாசி கொடுக்கிற பொலிஸ் கந்தோருக்கு, போகிற எல்லோரும் முதலில் இங்கு வந்துதான் போனார்கள். வழியில் வேறு முகத்தில் முழித்தால் பலன் கெட்டுப்போகும் என்று வீட்டிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வருவார்கள், சந்தைக்காரர் மீன் பெட்டியை அடுக்குவதை விட்டுவிட்டுப் பார்த்தபடி நிற்பார்கள். மன்னார் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை, மாதா கோயிலில் பாட்டுப் படிக்கிறவர், அவரையும் அவருடைய மனுசி கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தா. நாங்கள் வேதக்காரர், உதுகளை நம்பிறேல்லைத் தங்கச்சி, சும்மா பாக்கிறதிலை பாவம் ஒண்டும் இல்லையெல்லோ என்றார். அவர் வருகிற வழியில் விளக்குக் கம்பத்தில் மோதி நெற்றி புடைத்திருந்தது. கண்ணைத் திறந்தால் பிரின்சிப்பே சனத்தைக் கண்டு பயந்து எலுமிச்சைச் சாடிக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டு பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கத்துக்கு என்ன பலன் யோகாம்பாள் என்று மெய்யாகவே கேட்டார். நான் படித்த அஞ்சாம் வகுப்பில் அது சொல்லித்தரவில்லை அண்ணை என்றேன்.

சிஞ்ஞோரா மேல் பல்கனியில் நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு இது என்ன சனம் என்றா. பிரின்சிப்பேயைப் பார்த்தால் நல்லது நடக்கும் எண்டு எங்கடை ஆக்கள் வருகினம் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அவவுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. வெள்ளிக்கிழமைகளில் சினேகிதிகளைக் கோப்பிக்குக் கூப்பிட்டு, இந்தியாவில் ஓநாய் ஒரு தெய்வம் என்று சொல்லிப் பல்கனியில் கதிரை போட்டு இருத்தினா. இந்தியா இல்லை சிலோன் என்று நானும் ஆறு வருசமாகச் சொல்கிறேன். நாங்கள் கீழே நின்று நரியைப் பார்க்க, அவர்கள் மேலே இருந்து எங்களைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளி சிஞ்ஞோரா என்னிடம், முந்தி நெற்றியில் வைப்பியே சிவப்பாக, அதை வைத்துக்கொண்டு நில், வடிவாக இருக்கும் என்றா. என்ரை மனுசன் போனபிறகு நான் வைக்கிறேல்லை சிஞ்ஞோரா என்றேன். அரை மணித்தியாலந்தானே யோகா என்றா. குங்குமம் முடிஞ்சுபோச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஈரல் வெட்டினேன். கையெழுத்தை அன்றைக்கும் கேட்டேன், வாற கிழமை என்றா.

ஐப்பசியில் பிரின்சிப்பேக்குக் காய்ச்சல். காரின் பின் சீற்றில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்க மிருக டொக்டரிடம் கொண்டுபோனோம். டொக்டர் காதைத் திருப்பி மயிரை விலக்கிப் பார்த்தார், உள்ளே பச்சை குத்திய இலக்கம் ஒன்று. பெரிய கொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார், நல்லாய்ச் சிரித்தார். இது ஓநாயும் இல்லை ஒன்றும் இல்லை, இங்கிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி மலையில் ஆடு மேய்க்கிற ஒருவருடைய பட்டியில் பிறந்த நாய் என்றார். நினைத்துப் பார் பிள்ளை, இந்த ஊரில் நாயாகப் பிறந்து, மிலானோ போய் ஓநாயாகித் திரும்பி வந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு கடதாசிக்கு எத்தனை வருசம்.

திரும்பி வரும்போது சிஞ்ஞோரா பாதி வழியில் காரை ஓரம் கட்டினா. பிறகு, யோகா, அங்கே நீ ஒன்றும் கேட்கவில்லை, விளங்குதோ என்றா. ஒண்டும் கேக்கேல்லை சிஞ்ஞோரா என்றேன். ஆனால் எனக்கு வயசு போட்டுது, யோசினை கூடினால் வாய் தன்ரை பாட்டிலை உளறும், எனக்கு இப்ப உள்ள யோசினை அந்தக் கடதாசிதான், அதுவும் வெள்ளிக்கிழமை வேறை வருகுது என்றேன். கள்ளமில்லாமல்தான் சொன்னேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகையால் எழுதவில்லை. வீட்டுக்குள் வந்து சப்பாத்துக் கழற்ற முதலே கையெழுத்துப் போட்டா. பேனை மூடியை அன்றைக்கும் நான்தான் பிடித்திருந்தேன்.

போன செவ்வாய் குவெஸ்தூராவுக்குப் போகிற நாள். முதல் நாள் ஞானம்பிகை வந்து, உனக்கென்னடி, நரி முகத்திலையே சீவிக்கிறாய், கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனா. விடிய எழும்பும்போது பிரின்சிப்பே கதவைப் பிறாண்டியது. எனக்கு என்னவோ கதவைத் திறக்க மனம் வரவில்லை. அப்பாவின் படத்தை எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த நாளே அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்தவள், ஒன்பது மாதம் எடுத்துப் பார்க்கவில்லை, பார்த்தால் வேலைக்குப் போக மாட்டேன் என்று பயம். அன்றைக்குக் கண்ணைத் திறக்காமல் சுவரைத் தடவிப் போய்ப் படத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் திறந்தேன். நீல சேட்டோடு, உன் கலியாணத்துக்குப் பிடித்த படம். கன நேரம் பார்த்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு பின் கதவால் போனேன்.

பெர்மெசோ கிடைத்துவிட்டது பிள்ளை. இரண்டு வருசத்துக்கு, என் பேரில், அருளம்பலம் யோகாம்பாள் என்று. மாசி பிறக்க முதல் வருகிறேன், திவசத்தை இரண்டு பேருமாகச் செய்வோம். கேற்றடியில் எல்லோரும் நரி முகத்திலைதானே முழிச்சனீங்கள் என்று கேட்டார்கள், ஓம் என்றேன். நாயென்று சொல்லி அவர்களுடைய நம்பிக்கையை நான் ஏன் கெடுப்பான், ஸ்ரனிஸ்லாஸ் அண்ணைக்கும் வாற மாதம் போகிற நாள் வருகிறது.

உனக்கும் மருமகனுக்கும் லக்சனுக்கும் அம்மாளாச்சி எப்போதும் துணை நிற்பா, அப்பாவும் நிற்பார். மழை நாள், பிள்ளைக்குத் தலையை மூடி வைத்திரு. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப்போடு, ஞானம்பிகையின் தமக்கை உங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறா. அப்பாவின் படத்தைக் கொண்டு வருகிறேன், கடைசியாக அவருடைய முகம் பார்க்கக் கிடைக்காதவள் நீ. இன்னும் ஒன்று, நான் வந்து சேர்ந்த அடுத்த நாள் விடிய என்னை நீ எழுப்ப வேண்டாம், பேரனைத் தூக்கி வந்து எனக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போ.

உன்னைப் பெற்ற அம்மா,
அ. யோகாம்பாள்